ஆர் மூன்று

வாழைத்தண்டைக் கிழித்து நாராக்கும் எந்திரம்.
அதற்குள் சுழல ஒரு இரும்புத் தண்டு வேண்டும்:
முந்நூற்று நாற்பது மில்லி நீளம், நடுவில் ஒரு படி.

கங்கைகொண்டானிலிருந்து வரைபடம் மூன்று பேருக்குப் போனது.
கோயம்புத்தூர்க்காரர்கள் அன்றைக்கே விலை அனுப்பினார்கள்.
ராஜ்கோட்காரர்கள் விலையோடு தீபாவளி வாழ்த்தும்.
பேட்டை மாசானமுத்து விலை அனுப்பவில்லை,
போன் செய்தார்.

"எம்மா, அந்தப் படி ஏறுத எடத்துல
மூலை கத்தி மாதிரி நிக்கி.
தண்டு அங்கனதான் முறியும், பாத்துக்கிடுங்க.
மூணு மில்லி ரேடியஸ் போடச் சொல்லுங்க."
பின்னால் லேத் ஓடிக்கொண்டிருந்தது,
சீவல் சுருள் தகர டப்பாவில் விழும் சத்தம்.

டிசைன் ஜெயசீலனிடம் சொன்னேன்.
வரைபடத்தின்படி கொடுக்கச் சொல்லுங்கள் என்றார்.
அதையே நானும் சொன்னேன்,
கொஞ்சம் மரியாதை சேர்த்து.

மாதிரி எந்திரம் களக்காட்டில்
நம்பித்துரையின் தோப்பில் நின்றது.
முதல் நாள் ரசகதலி, மறுநாள் ஏத்தன்,
பிறகு இரண்டு நாள் மழை.
நாற்பத்தோராவது மணி நேரத்தில்
'டப்'பென்று ஒன்று. எங்கோ வெடி போடுகிறார்கள் என்று நினைத்தேன்.
துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார் நம்பித்துரை,
இரண்டு துண்டையும்.
முறிந்த முகத்தில் சிப்பி ஓட்டின் வரிகள்:
ஓரத்தில் ஒரு புள்ளியில் தொடங்கி
உள்ளே, இன்னும் உள்ளே விரிந்த வளையங்கள்.
படி ஏறும் அதே இடம்.
ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றி
ரொம்ப நேரம் துடைத்தார்.

திங்கட்கிழமை புது வரைபடம். திருத்தம் சி.
அந்த மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி, ஆர் 3.
வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர்:
மூன்று கையெழுத்தும் எங்கள் மாடியிலேயே கிடைத்துவிட்டன.

மறுபடி விலை கேட்டோம்.
சப்ளையர் தணிக்கைக்குப் பேட்டைக்கும் போனேன்.
தீயணைப்பான் இருக்கிறதா, மஞ்சள் கோடு இருக்கிறதா,
கையில் இருபத்தாறு கேள்வி.
லேத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி நிறைய
முறிந்த தண்டுகள் வைத்திருந்தார்:
அரிசி ஆலையுடையது, கல் குவாரியுடையது,
பணகுடிப் பக்கம் காற்றாலையிலிருந்து ஒன்று.
ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் தேதி.
பதினேழாவது கேள்விக்கு எதிரே எழுதினேன்:
'கழிவு அகற்றப்படவில்லை.'

மதிப்பெண் தாள் நான் தயாரித்தது.
விலைக்கு நாற்பது, தேதி தவறாமைக்கு முப்பது,
தணிக்கைக்கும் சான்றிதழுக்கும் இருபது, கடன் தவணைக்குப் பத்து.
அவர் தண்டுக்கு முப்பத்தெட்டு ரூபாய் கூடுதல்.
சான்றிதழ் கிடையாது.
தொண்ணூறு நாள் கடன் என்றதும் சிரித்தார்.
"இரும்புக்கடைக்காரன் எனக்கு ஒம்பது நாளே தரமாட்டானேம்மா."
மொத்தம் ஐம்பத்தாறு. கோவை எழுபத்தொன்பது.
முதலில் கேட்டவர் யார் என்பதற்குக் கட்டம் இல்லை.
எக்செலில் ஒரு கட்டம் சேர்க்க
எவ்வளவு நேரம் ஆகும்.

நானூறு தண்டு, கோவைக்கு.
கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை,
டீ ஆறிக்கொண்டிருந்தது.

'இம்முறை வாய்ப்பு அமையவில்லை' என்று
பேட்டைக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்.
கும்பிடும் கை ஒன்று வந்தது.
இரண்டு நிமிடம் கழித்து,
'ரேடியஸ் போட்டாச்சாம்மா?'

முதல் லாட் நேற்று இறங்கியது.
தரப் பிரிவில் கேஜ் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி.
எல்லோரும் சாப்பிடப் போன பிறகு
ஒரு தண்டை எடுத்து
அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தேன்.
எண்ணெய்ப் பிசுக்கோடு
எங்கும் இடறாமல் மேலே ஏறியது.

பேட்டைக்கு இன்னும் பதில் போகவில்லை.